குழந்தைகளோடு விடுமுறைப் பயணம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

விடுமுறை நெருங்கினால் போதும், சொந்தக்காரர்களும் நண்பர்களும் எனக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். நான் பயண முகவர் இல்லை. இரண்டு பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்தில் இருந்து பதின்ம வயதுவரை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிந்தவள், அவ்வளவுதான். செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தாயிற்று. கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

குழந்தைக்கு ஒன்றரை வயசுதான் ஆகுது. இப்போ கூட்டிட்டுப் போனா அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?

ஒன்றும் இருக்காது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நினைவில் தங்குவதில்லை. ஆனால் ஞாபகம் இருந்தால்தான் பலன் என்று பார்த்தால், அந்த வயதில் தாலாட்டுப் பாடுவதும் வீண்தானே. குழந்தைக்கு அன்றைய பொழுது நன்றாகப் போனால் போதும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை உங்களுடையது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதக் குழந்தையோடு போவதைவிட ஒன்றரை வயதோடு போவது கடினம். ஆறு மாதம் மடியிலேயே தூங்கிவிடும். ஒன்றரை வயதுக்கு நடக்கத் தெரியும், ஆபத்து தெரியாது. தூரம் குறைவாக, தங்குமிடத்தை ஒட்டியே ஓடியாட இடம் இருப்பதாகப் பாருங்கள். பெயர்பெற்ற இடமா என்பது குழந்தைக்குத் தெரியப்போவதில்லை.

எத்தனை நாள் போகலாம்? ஒரே பயணத்துல நாலு ஊர் பார்த்துட்டு வந்துடலாமா?

பார்க்கலாம். திரும்பி வந்ததும் அந்தக் களைப்பு தீர இன்னொரு விடுமுறை வேண்டியிருக்கும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, காலி செய்து, பயணம் போய், புது அறையில் பிரித்து வைப்பதிலேயே அரை நாளுக்கு மேல் போய்விடும். பெரியவர்களுக்கு அது அலுப்பு. சின்னப் பிள்ளைக்கோ தூங்கும் இடம், குளிக்கும் இடம், கழிப்பறை எல்லாம் மறுபடி புதிதாகிவிடுகிறது. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஒரே இடத்தில் தங்கி, அங்கிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் சுற்றுவதுதான் என் கட்சி. நான்கைந்து இரவு முதல் பயணத்துக்குச் சரியாக இருக்கும்.

நெதர்லாந்தில் விடுமுறைக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. போகிறவர்கள் போவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஆனால் திரும்பி வந்த பிறகு வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. விடுமுறை மிக நிதானமாகக் கழிந்தது என்று சொன்னவர்களுக்கு மட்டும்தான் அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள் நீடித்தது. நாலு ஊர் பட்டியலோடு யாராவது வந்தால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்னு வச்சுக்கணும்?

பெரிதாக ஒன்று, கைவசம் சிறிதாக ஒன்று. பெரியதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பிள்ளைகள் தெம்பாக இருப்பது அப்போதுதான். வெயிலும் கூட்டமும் குறைவு. மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கை, அல்லது சும்மா இருத்தல். சாயங்காலம் எல்லோருக்கும் மனசிருந்தால் அந்தச் சிறியது. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

முதல் பயணத்தில் நான் மணிவாரியாக அட்டவணை போட்டிருந்தேன். இரண்டாம் நாள் மதியம் ஓர் அருங்காட்சியக வாசலில் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான், எழவே மாட்டேன் என்று. அவனுக்கு ஏதோ பிடிவாதம் என்று நினைத்தேன். காலையில் இருந்து அவன் தூங்கவில்லை, சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பயணத்தில் நாம் அடம் என்று சொல்வதில் பாதி, பசியும் தூக்கமும்தான். அன்றிலிருந்து தூங்கும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் முதலில் குறித்துக்கொள்கிறேன். மீதியிருக்கும் இடைவெளியில்தான் ஊர் சுற்றல்.

பிள்ளைங்களையும் கேட்டுத்தான் திட்டம் போடணுமா?

கேளுங்கள், ஆனால் "எங்கே போகலாம்?" என்று வெறுமனே கேட்காதீர்கள். நிலா என்று பதில் வரும். உங்களுக்கு இரண்டுமே சம்மதமான இரண்டைச் சொல்லி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் ஒரு நாளின் பொறுப்பையே கொடுக்கலாம்: வரைபடம் பார்ப்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்வது. என் மகள் திட்டமிட்ட நாளில் பேருந்தைத் தவறவிட்டோம். அவள் யார்மேலும் குறை சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போறோம்னு எப்போ சொல்றது? சொன்னா தினமும் நச்சரிக்குது.

மேலே சொன்ன ஆய்வுப்படி, போவதற்கு முந்தைய எதிர்பார்ப்பே மகிழ்ச்சியில் பெரும் பங்கு. அதனால் பெரிய பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். மூன்று நான்கு வயதுக்கு "அடுத்த மாதம்" என்றால் ஒன்றும் புரியாது. அவர்களுக்கு நாலைந்து நாள் முன்னால் சொல்லி, இன்னும் எத்தனை இரவு தூங்க வேண்டும் என்று காலண்டரில் கட்டம் அடிக்க விட்டால் நச்சரிப்பே விளையாட்டாகிவிடும்.

கார்ல ஏறினாலே வாந்தி எடுக்குது. இவளை வச்சுக்கிட்டு எங்க போறது?

உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது. காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "நகரவில்லை" என்கிறது. மூளை குழம்புகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். இரண்டில் இருந்து பன்னிரண்டு வயதுவரைதான் அதிகம். பிறகு பெரும்பாலோருக்குத் தானாகக் குறைந்துவிடும்.

அதனால் வழி, கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும்படி செய்வதுதான். புத்தகம், போன் வேண்டாம். தூரத்தில் அசையாமல் தெரியும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. பேருந்தில் முன்பக்க இருக்கை, கப்பலில் நடுப்பகுதி, விமானத்தில் இறக்கைக்கு நேராக உள்ள இருக்கை என்றால் ஆட்டம் குறைவு. தூங்கும் நேரத்தில் கிளம்புவதும் உதவும். மருந்து உண்டு. ஆனால் அது மருத்துவர் வயதையும் எடையையும் பார்த்துச் சொல்ல வேண்டியது. சிலருக்கு அது தூக்கத்துக்குப் பதில் துள்ளலைத் தரும் என்பதால் முதல் வேளையைப் பயண நாளில் சோதிக்காதீர்கள்.

காரில் போவோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். குழந்தை இருக்கை வேண்டுமா என்று கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல ஓட்டுநர் ஆனாலும் வேண்டும். பெரியவர்களின் பெல்ட் எந்த உயரத்தில் சரியாகப் பொருந்தும் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு, ஆனால் பல நாடுகளில் அது 135 முதல் 150 செ.மீ. உயரம். நிறுத்தும்போது தூங்குகிற குழந்தையை மூடிய காரில் விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிவிடும். சிறு உடல் நம்மைவிட வேகமாகச் சூடேறும்.

விமானத்துல காது வலிச்சு கத்தினா என்ன பண்றது? எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களே.

பார்க்கட்டும். அவர்களும் ஒரு காலத்தில் கத்தியவர்கள்தான்.

விமானம் இறங்கும்போதுதான் வலி அதிகம். நடுக்காதில் இருந்து தொண்டைக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. வெளியே காற்றழுத்தம் கூடும்போது சட்டென்று திறக்காது. விழுங்கினால் திறக்கும். அதனால் இறக்கம் தொடங்கும் நேரத்தில், அதாவது தரை தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு, கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளைக்குத் தண்ணீரை வாய் வாயாகக் கொடுக்கலாம். தூங்கினால் எழுப்பிவிடுங்கள்; தூக்கத்தில் விழுங்குவது குறைவு. கடும் சளியோ காது நோவோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, டிக்கெட் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது. பெரும்பாலான விமான நிறுவனங்களில் இரண்டு வயது நிறையும்வரைதான் மடியில் பயணம். போகும்போது நிறையாமல், நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கும். இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர்.

என்னென்ன எடுத்து வைக்கணும்? ஒரு பட்டியல் குடுங்களேன்.

பட்டியல் தரமாட்டேன், அது வீட்டுக்கு வீடு மாறும். ஒரே ஒரு விதி: பெட்டி தொலைந்தாலும் 24 மணி நேரம் சமாளிக்கத் தேவையானவை கைப்பையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடை (வாந்தி பட்டால் உங்களுக்கும்தான்), வழக்கமான மருந்துகள், காய்ச்சல் மருந்து, வாய்வழி உப்புச் சர்க்கரைப் பொட்டலம், தின்ன ஏதாவது, அப்புறம் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் அந்தப் பொம்மை. பொம்மையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டு ஓர் இரவு நாங்கள் பட்டது போதும்.

புது இடத்துல ராத்திரி தூங்கவே மாட்டேங்குதே?

பெரியவர்களுக்கே முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பது தெரியவந்தது. காவல் காக்கிற மாதிரி. எனவே முதல் இரவை எதிர்பார்த்தே மறுநாள் காலையைக் காலியாக விடுங்கள். துவைக்காத பழைய போர்வையை எடுத்துப் போங்கள், வீட்டு வாசனை இருக்கும். குளியல், கதை, விளக்கணைப்பு என்று வீட்டு வரிசையை மாற்றாதீர்கள்.

நேர மண்டலம் தாண்டிப் போனால் உடல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம்தான் பழகும். கிழக்கு நோக்கிப் போவது மேற்கைவிடக் கடினம். போய்ச் சேர்ந்த இடத்துப் பகல் வெளிச்சத்தில் விளையாட விடுவது உடலின் கடிகாரத்தைத் திருப்ப நல்ல வழி. ஐந்து மணி நேர வித்தியாசத்துக்கு நான்கு நாள் பயணம் என்றால், பழகும் நேரத்தில் கிளம்ப வேண்டியதுதான். நாள் கணக்கைப் பற்றி முன்பு சொன்னதை இங்கேயும் யோசியுங்கள்.

சாப்பாட்டுல ரொம்ப அடம். வெளியூர்ல வயித்துக்கு ஒத்துக்கலைன்னா?

அடத்தைப் பயணத்தில் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் ஒரே உணவைத் தின்றால் ஒன்றும் ஆகாது. ஒரு வேளை தெரிந்த உணவு, தட்டின் ஓரத்தில் புதியது ஒரு வாய், தொட்டால் தொடட்டும்.

வயிறு கெட்டால் கவலைப்பட வேண்டியது நீர் வற்றுவதைப் பற்றி. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் இல்லாத இக்கட்டில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியில் குவிக்காமல் தட்டையாக. உப்பு கூடினால் ஆபத்து. கண் உள்வாங்கினாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கைக்குழந்தை என்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கவே வேண்டாம்.

கடற்கரைக்குப் போறோம். காத்து வளையம் போட்டுவிட்டா போதும்ல?

போதாது. கையில் மாட்டும் காற்றுப் பட்டையும் இடுப்பு வளையமும் விளையாட்டுச் சாமான்கள். கழன்றுவிடும், காற்றுப் போகும், வளையம் கவிழ்ந்தால் தலைகீழாகப் பிடித்து வைத்துவிடும். அளவுக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி வேறு பொருள். அதைப் போட்டிருந்தாலும் நீச்சல் நன்றாகத் தெரியாத பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும், மூச்சு வாங்கவே நேரம் இருக்காது, கை தானாகப் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். கலகலவென்று இருந்த பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.

கூட்டமாகப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆறு பெரியவர்கள் கரையில் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். நாங்கள் முறை வைத்துக்கொள்கிறோம்: கால் மணி நேரத்துக்கு ஒருவர், கையில் போன் கிடையாது, அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் எழ வேண்டும். கடலில் உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியை விட்டு நகராதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதக் கூடாது. மிதந்து, கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும், நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வெயிலுக்கு எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத களிம்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் களிம்பைவிட நிழல்தான் முக்கியம்.

மலைக்குப் போனா குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

2,500 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதற்கு மேலே உயர நோய் பெரியவர்களைப் போலவே பிள்ளைகளுக்கும் வரலாம். தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் அது சிணுங்கலாக, சாப்பிட மறுப்பாக, விளையாட விருப்பமின்மையாகத்தான் தெரியும். நான் முன்பு சொன்ன "அடம் என்றால் பசி, தூக்கம்" என்ற கணக்கு மலையில் மட்டும் செல்லாது. அங்கே அடத்தை நோயாகவே எடுத்துக்கொண்டு அதற்கு மேல் ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது.

கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டா?

அதைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். தினமும் காலையில் பிள்ளையை ஒரு போட்டோ எடுங்கள். அன்றைய சட்டை நிறம் பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் எண்ணை உடையின் உட்புறமோ கையிலோ எழுதுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைக் குழந்தை நம்பிவிடும்.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது: எங்களைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், தேடி அலையாதே. உதவி வேண்டுமென்றால் சீருடைப் பணியாளரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ கேள். நீங்கள் தேடும்போது முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம், வண்டி ஓடும் பக்கம் போய்ப் பாருங்கள்.

பெரியவனுக்குப் பதினாலு, சின்னவளுக்கு நாலு. ரெண்டு பேருக்கும் பிடிச்ச மாதிரி எப்படிப் போறது?

எல்லா நேரமும் எல்லோரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஒருவர் பெரியவனோடு, மற்றவர் சின்னவளோடு, மறுநாள் மாற்றி. பதினாலு வயதோடு இருவர் மட்டுமாகச் சுற்றும் அரை நாளில், வீட்டில் ஆறு மாதம் பேசாததைப் பேசுவான். அவனைத் தங்கைக்கு ஆயா ஆக்காதீர்கள். காலையில் தூங்க விடுங்கள், போன் நேரத்தைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். தாத்தா பாட்டி கூட வந்தாலும் இதே பதில்தான். மதிய ஓய்வு விஷயத்தில் அவர்களும் நாலு வயதும் ஒரே கட்சி என்பது உங்களுக்கு வசதி.

அவருக்கு லீவு கிடைக்கலை. நான் மட்டும் பிள்ளையைக் கூட்டிட்டு வெளிநாடு போகலாமா?

போகலாம். ஆனால் வராத பெற்றோரின் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். நோட்டரி சான்று இருந்தால் நல்லது, சில நாடுகளில் அது கட்டாயம். பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்க 1980இல் ஹேக் உடன்படிக்கையே வந்தது. எல்லையில் கேள்வி கேட்பதற்குக் காரணம் அதுதான், உங்கள் மேல் சந்தேகம் இல்லை. பிறப்புச் சான்றிதழின் நகலும் இருக்கட்டும், முக்கியமாகக் குடும்பப் பெயர் வேறாக இருந்தால்.

கூடவே இரண்டு விஷயம். குழந்தைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் 5 ஆண்டுதான் செல்லும், போகும் நாடு ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தடுப்பூசிக்காக, பயணம் கிளம்புவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு நாள் மழை, ஒருத்திக்குக் காய்ச்சல், எல்லாமே கெட்டுப்போச்சு. திரும்பிடலாமா?

காய்ச்சல் இறங்கவில்லை, குழந்தை சோர்ந்தே கிடக்கிறது என்றால் முதலில் மருத்துவர், திரும்புவது பிறகு. மழை மட்டும் என்றால் இருங்கள். ஒரு நாள் முழுக்க அறையில் சீட்டு விளையாடியதைத்தான் என் பிள்ளைகள் இன்றுவரை சொல்கிறார்கள், பார்த்த கோட்டையை அல்ல.

கடைசி நாளை மட்டும் கெட்டுப்போக விடாதீர்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு இருந்தவர்களும் 1993இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கை வைப்பது ஒருமுறை. அதே 60 விநாடியோடு, நீரை மெல்ல 15 டிகிரிக்குக் கொண்டுவந்து இன்னும் 30 விநாடி வைப்பது இன்னொருமுறை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால், பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். வேதனை கூடுதல்தான், ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. ஆகவே மிச்சம் வைத்த இடங்களை எல்லாம் கடைசி நாளில் திணிக்காமல், பிள்ளைகளுக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடத்துக்கு இன்னொரு முறை போங்கள். அதே ஊஞ்சல், அதே குளம் என்றாலும் சரி. பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போடாமல், நடுவில் ஒரு நாள் விட்டுப் போடுங்கள். துணி துவைக்கவாவது ஆகும்.